பாட்டி தரும் 15 லட்சமும் பேரனின் எஸ்எஸ்ஐயும்: ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் தேவையா?

டாலஸ்அம்மா · 2025 செப்டம்பர் 8

பையனுக்கு 19 வயது, ஆட்டிசம், இங்கே அமெரிக்காவிலேயே பிறந்தவன். எஸ்எஸ்ஐயும் (வருமானம் குறைந்த ஊனமுற்றோருக்கு அரசு தரும் மாத உதவித்தொகை) மெடிகெய்டும் (அரசு மருத்துவக் காப்பீடு) வருகிறது. ஊரில் நிலம் விற்ற பணத்தில் 15 லட்சத்தைப் பேரன் பெயரிலேயே போடுவேன் என்று பாட்டி பிடிவாதம். ஏறக்குறைய 17,000 டாலர். "டிரஸ்ட் எல்லாம் கோடீஸ்வரர்களுக்கு. கையிருப்பு 2,000 டாலரைத் தாண்டினால் கொஞ்ச நாள் எஸ்எஸ்ஐ நிற்கும், செலவழிந்ததும் திரும்ப வரும்" என்கிறார் வீட்டுக்காரர். சரியா?

காவிரிக்கரை · 2025 செப்டம்பர் 8

பாதி சரி. அந்தப் பாதிதான் ஆபத்து.

2,000 டாலர் வரம்பு 1989-இல் வைத்தது, இன்று வரை ஏறவே இல்லை. ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி தொடங்கும் நொடியில் கையிருப்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள். தாண்டியிருந்தால் அந்த மாதத்துக்கு இல்லை. தொடர்ந்து 12 மாதம் நின்றுபோனால் கோப்பையே மூடிவிடுவார்கள். பிறகு புது விண்ணப்பம், ஊனத்தை முதலிலிருந்து நிரூபிக்கும் வேலை. சீக்கிரம் கரைக்கலாம் என்று யாருக்காவது தூக்கிக் கொடுத்தால் அதற்கு 36 மாதம் வரை தண்டனை உண்டு.

வீட்டுக்காரர் மாதம் வரும் 967 டாலரை (2025-இன் எஸ்எஸ்ஐ முழுத் தொகை) மட்டும் பார்க்கிறார். டெக்சாஸில் எஸ்எஸ்ஐயோடு ஒட்டிக்கொண்டு வருவது மெடிகெய்ட். தெரபி, மருந்து, பின்னாளில் வெய்வர் (வீட்டிலேயே பராமரிப்பு தரும் மெடிகெய்ட் திட்டம்) வழியாக வரும் உதவியாளர் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. 967 போனால் சமாளிக்கலாம், இதை எந்தச் சம்பளத்திலும் சமாளிக்க முடியாது.

ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் என்பது ஊனமுள்ளவருக்கான பணத்தை டிரஸ்டி என்ற பொறுப்பாளர் வைத்திருந்து அவருக்காகச் செலவழிக்கும் ஏற்பாடு. அது இரண்டு வகை. பெற்றோர், பாட்டி, அத்தை போன்ற பிறர் தம் பணத்தைப் போடுவது ஒன்று. இதில் பிள்ளையின் காலத்துக்குப் பிறகு மீதம் இருப்பது நீங்கள் எழுதிவைத்தவருக்குப் போகும். பிள்ளைக்கே சொந்தமான பணத்தை, அதாவது விபத்து இழப்பீடு, நேரடியாக வந்துவிட்ட வாரிசுப் பணம், சிறுவயதில் பெரியவர் பொறுப்பில் அவன் பெயரில் சேர்த்த யூடிஎம்ஏ கணக்கு போன்றவற்றைப் போடுவது இன்னொன்று. 1993 சட்டத்தில் வந்த உட்பிரிவின் பெயரால் இதை டி4ஏ என்பார்கள். 65 வயதுக்குள் போட வேண்டும். அவன் காலத்துக்குப் பிறகு மெடிகெய்ட் செலவழித்ததை மாநிலம் முதலில் எடுத்துக்கொள்ளும், மீதிதான் குடும்பத்துக்கு.

பாட்டியின் பணம் இன்னும் பாட்டியின் பணம்தான். பேரன் பெயருக்கு மாறிய கணம் அது முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு விழுந்துவிடும். ஒரு கையெழுத்து வித்தியாசம்.

பெயர் பற்றி ஒன்று. அறக்கட்டளை என்று ஊரில் சொன்னால் கோயில் அன்னதானம் நினைவுக்கு வந்து குழம்புகிறார்கள். டிரஸ்ட் என்றே சொல்லுங்கள்.

காவிரிக்கரை · 2025 செப்டம்பர் 9

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். தொகை 17,000தான் என்றால் டிரஸ்டே வேண்டாம் என்று வாதாடலாம். ஏபிள் கணக்கில் (ஊனமுற்றோருக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு) 2025-இல் 19,000 வரை போடலாம், யார் வேண்டுமானாலும் போடலாம். ஊனம் 26 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், உங்கள் பையனுக்கு அது பிரச்சினையில்லை. உள்ளே 100,000 வரை எஸ்எஸ்ஐ கண்ணை மூடிக்கொள்ளும். அதைத் தாண்டி வரம்பை மீறினால் எஸ்எஸ்ஐ தற்காலிகமாக நிற்கும், மெடிகெய்ட் நிற்காது. இணையத்தில் அரை மணி நேரத்தில் திறந்துவிடலாம், வக்கீல் கட்டணம் கிடையாது.

ஒரு முள் உண்டு. ஏபிளில் மீதம் இருக்கும் பணத்தை அவன் காலத்துக்குப் பிறகு மெடிகெய்ட் செலவுக்கு ஈடாகக் கேட்க மாநிலத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. பாட்டியின் பணம் டிரஸ்டில் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. அதனால் இரண்டு மூன்று ஆண்டில் செலவாகப்போகும் பணத்துக்கு ஏபிள். நீங்கள் இருவரும் போன பிறகும் இருக்க வேண்டிய பணத்துக்கு, குறிப்பாக ஆயுள் காப்பீட்டுக்கும் 401கே என்ற அலுவலக ஓய்வுக்காலச் சேமிப்புக்கும், டிரஸ்ட். இரண்டும் வைத்திருப்பதுதான் வழக்கம்.

பாட்டி அனுப்பும் வழி: மகனுக்கு, அதாவது உங்கள் வீட்டுக்காரரின் சொந்தக் கணக்குக்கு, அன்பளிப்பாக வரட்டும். அங்கிருந்து அவர் ஏபிளிலோ டிரஸ்டிலோ போடட்டும். பேரன் பெயர் நடுவில் எங்கும் வர வேண்டாம். வெளிநாட்டவரிடமிருந்து ஓராண்டில் 100,000 டாலரைத் தாண்டி வந்தால்தான் வரித்துறைக்கு 3520 படிவம். வரி எப்படியும் இல்லை.

எடிசன்காரர் · 2025 செப்டம்பர் 11

டிரஸ்ட் இருந்தால் மாதம் 200 டாலர் பையன் கையில் கொடுக்கலாமா சார்? சாப்பாடு மட்டும் வாங்கித் தரக் கூடாது என்று எங்கள் வக்கீல் சொல்லியிருக்கிறார்.

காவிரிக்கரை · 2025 செப்டம்பர் 11

தலைகீழாக இருக்கிறது. கையில் கொடுக்கத்தான் கூடாது, சாப்பாடு வாங்கலாம்.

பணமாகக் கொடுத்தால் வருமானம். வேறு வருமானம் இல்லாதவனுக்கு முதல் 20 டாலரை விட்டுவிட்டு மிச்சத்தை டாலருக்கு டாலர் கழிப்பார்கள். 200 கொடுத்தால் எஸ்எஸ்ஐயில் 180 குறையும். டிரஸ்ட் 200 இழந்து பையனுக்குக் கிடைத்தது 20. கிஃப்ட் கார்டும் பணம்போலத்தான், மறுவிற்பனை செய்யலாம் என்பது அவர்கள் வாதம். பிறந்தநாளுக்கு அமேசான் கார்டு கொடுக்கும் சித்தப்பாக்கள் கவனிக்க.

டிரஸ்டி நேராகக் கடைக்காரருக்கோ தெரபிஸ்டுக்கோ கட்டினால் வருமானம் இல்லை. லேப்டாப், போன் பில், இணையம், பல் வைத்தியம், நீச்சல் வகுப்பு, விமான டிக்கெட், துணைக்கு வருபவரின் டிக்கெட், ஒரு கார் என எதுவும். ஒவ்வொன்றுக்கும் டிரஸ்டி அலைய முடியாது என்றால் இரண்டு வழி. பையன் பெயரில் கிரெடிட் கார்டு, பில்லை டிரஸ்ட் கட்டும். இல்லையென்றால் ட்ரூ லிங்க் மாதிரி டிரஸ்ட் பெயரிலேயே இருக்கும் ப்ரீபெய்ட் கார்டு. எந்தக் கடையில் செல்லும், எதில் செல்லாது என்று டிரஸ்டி பூட்டி வைக்கலாம். ஏடிஎம்மை முதலில் பூட்டுங்கள். எடுத்த நோட்டு அன்றே வருமானம்.

எடிசன்காரர் · 2025 செப்டம்பர் 14

வக்கீலிடம் கேட்டேன். சாப்பாடு கூடாது என்று அவர் எழுதிய பத்திரத்திலேயே ஒரு வரி இருக்கிறது. 2017-இல் எழுதியது.

காவிரிக்கரை · 2025 செப்டம்பர் 14

2017-இல் அது சரி. 2024 செப்டம்பர் 30 முதல் சாப்பாட்டைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் சாப்பாடு வாங்கக் கூடாது என்று பத்திரமே அடித்துச் சொன்னால் டிரஸ்டி அதை மீற முடியாது. "டிரஸ்டியின் முழு விருப்பத்தின்படி, உதவித்தொகை குறைந்தாலும் சரி" என்ற தோரணையில் எழுதியிருந்தால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் திருத்த வழி உள்ளதா என்று கேளுங்கள். விதி மாறும், பத்திரம் மாறாது. அதனால்தான் பத்திரத்தில் விதியை எழுதக் கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: "பராமரிப்புக்கும் வாழ்க்கைத் தேவைக்கும் டிரஸ்டி கொடுக்க வேண்டும்" என்று சாதாரணக் குடும்ப டிரஸ்ட் வாசகத்தை அப்படியே இறக்கிவிடுவது. 'கொடுக்க வேண்டும்' என்ற இடத்தில் பிள்ளைக்கு உரிமை பிறக்கிறது. உரிமை பிறந்தால் மொத்தத் தொகையும் அவன் சொத்தாகக் கணக்கில் ஏறும். 'கொடுக்கலாம்' என்பதுதான் இந்தப் பத்திரத்தின் உயிர்.

காவிரிக்கரை · 2025 செப்டம்பர் 16

வாடகை பற்றிச் சொல்லாமல் விட்டது தவறு, சாப்பாடு போன பிறகு மிச்சம் இருக்கும் ஒரே சிக்கல் அதுதான்.

கணக்கில் வருவன: வாடகை, வீட்டுக் கடன் தவணை, சொத்து வரி, மின்சாரம், எரிவாயு, சூடாக்கும் எரிபொருள், தண்ணீர், கழிவுநீர், குப்பை, கடன் கொடுத்த வங்கி கட்டாயப்படுத்தும் வீட்டுக் காப்பீடு. வேறொன்றும் இல்லை.

டிரஸ்ட் வீட்டு உரிமையாளருக்கு 1,200 வாடகை நேராகக் கட்டினால் 1,200-ஐயும் கழிக்க மாட்டார்கள். உச்சவரம்பு, எஸ்எஸ்ஐ முழுத் தொகையில் மூன்றில் ஒன்றும் 20 டாலரும். 2025-இல் 342.33. அந்த 20 விலக்கும் போக உண்மையில் குறைவது 322.33. 322 இழந்து 1,200 வாடகை கிடைக்கிறது, பல குடும்பங்கள் தெரிந்தே இதை ஏற்கின்றன. அதுவும் வேண்டாம் என்றால் டிரஸ்ட் ஏபிளுக்கு மாற்றட்டும், ஏபிளிலிருந்து வாடகை போகட்டும். கழிவு சுழியம். ஒரே நிபந்தனை, எடுத்த அந்த மாதத்துக்குள்ளேயே வீட்டு உரிமையாளருக்குப் போய்விட வேண்டும். 30-ஆம் தேதி ஏபிளிலிருந்து எடுத்து 2-ஆம் தேதி கட்டினால் 1-ஆம் தேதி அது கையிருப்பு.

பெற்றோர் வீட்டிலேயே இருக்கும் பிள்ளைக்கு 967 வராமல் 644.67 வருகிறதா? தங்கும் இடமும் சாப்பாடும் நீங்களே தருகிறீர்கள் என்று மூன்றில் ஒன்றைக் கழித்திருக்கிறார்கள். 18 ஆனதும் அவனோடு ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதுங்கள். வாடகை 342.33 அல்லது அதற்கு மேல் இருந்தால் கழிவு வராது. இந்தச் சலுகை முன்பு சில மாநிலங்களில் மட்டும் இருந்தது, 2024 செப்டம்பர் 30 முதல் நாடு முழுவதும். இன்னொரு வழி, வீட்டுச் செலவைத் தலைக்கு வகுப்பது. நால்வர் வீட்டில் மேலே சொன்ன பட்டியல் 2,800 என்றால் அவன் பங்கு 700. பெரும்பாலும் வாடகை வழி மலிவு.

பெற்ற பிள்ளையிடம் வாடகையா என்று பாட்டி கேட்பார். அரசாங்கத்தின் பணம் அரசாங்கம் கேட்கும் வடிவில் வீட்டுக்கே வருகிறது என்று சொல்லிப் பாருங்கள்.

வரிக்கணக்கு · 2025 செப்டம்பர் 17

வாடகை என்று எழுதினால் அது உங்கள் வருமான வரிக் கணக்கிலும் எட்டிப்பார்க்கும். உங்கள் வரிக் கணக்கரிடம் (சி.பி.ஏ.) சொல்லாமல் செய்யாதீர்கள்.

டிரஸ்டின் வரியையும் சொல்லிவிடுகிறேன். டிரஸ்டுக்குத் தனி வரி எண், 1041 படிவம். உள்ளே தேங்கும் வருமானம் 2025-இல் 15,650 டாலரைத் தாண்டினாலே 37 சதவீதம். ஆனால் பிறர் போட்ட, மாற்ற முடியாத ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் 'தகுதியுள்ள ஊனமுற்றோர் டிரஸ்ட்' ஆகத் தேறினால் 5,100 டாலர் விலக்கு உண்டு. சாதாரண டிரஸ்டுக்கு அதே இடத்தில் 100 டாலர். தயாரிக்கும் மென்பொருள் தானாகக் கேட்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஐஆர்ஏ, 401கே போன்ற ஓய்வுக்காலக் கணக்குகளுக்கு வாரிசாக டிரஸ்டை வைத்தால் பத்தாண்டில் காலி செய்ய வேண்டியதில்லை, பிள்ளையின் ஆயுள் கணக்குப்படி எடுக்கலாம். அதற்குப் பத்திரத்தில் சரியான வாசகம் வேண்டும். 2019-க்கு முன் எழுதிய பத்திரம் என்றால் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

காவிரிக்கரை · 2025 செப்டம்பர் 20

டிரஸ்ட் கட்டுவது சுலபம். பணம் அதைச் சுற்றிக்கொண்டு பிள்ளையிடம் போவதைத் தடுப்பதுதான் வேலை. நம் குடும்பங்களில் பணம் கசியும் இடங்கள் அமெரிக்க வக்கீலின் கேள்விப் பட்டியலில் இருக்காது.

எல்ஐசி: அப்பா இந்தியாவில் எடுத்த பாலிசியில் பிள்ளை நாமினி. 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம், வெறும் வாங்கிக்கொடுப்பவர் அல்ல. மாற்றுங்கள்.

வங்கி: தாத்தா பேரன் பெயரையும் சேர்த்துத் திறந்த எஃப்.டி. கூட்டுக் கணக்கில் பெயர் இருந்தால் முழுத் தொகையும் அவனுடையது என்றுதான் இங்கே தொடங்குவார்கள். இல்லை என்று நிரூபிப்பது நீங்கள். இந்தியாவில் இருக்கிறது, யாருக்குத் தெரியும் என்று சிலர் சொல்வதுண்டு. எஸ்எஸ்ஐ படிவத்தில் பொய் சொன்னால் தண்டனை என்று எழுதிய இடத்தில் கையெழுத்திடுபவர் நீங்கள்.

வீடு, நிலம்: உயில் எழுதாமல் அப்பா இறந்தால் சென்னை ஃப்ளாட் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், உயிரோடிருக்கும் தாய் ஆகியோருக்குச் சம பங்கு. அந்தப் பிள்ளைக்கும் ஒரு பங்கு. அப்பா முன்பே இறந்து பிறகு தாத்தா உயில் இல்லாமல் இறந்தால், மகன் பங்கு பேரனுக்கும் இறங்கும். "வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்" என்பது இங்கே செல்லாது, விட்டுக்கொடுத்ததையே தூக்கிக் கொடுத்ததாக எடுத்து அந்த 36 மாதக் கணக்கைத் தொடங்குவார்கள். ஆகவே இந்தியச் சொத்துக்கு இந்தியாவில் தனி உயில், மனைவிக்கோ மற்ற பிள்ளைக்கோ முழுவதும். தாத்தாவும் எழுத வேண்டும், அதுதான் கடினம். பேரனை ஒதுக்கச் சொல்கிறீர்களா என்பார்.

இந்த ஊர்க் கசிவுகளும் உண்டு: அலுவலகம் இலவசமாகத் தரும் குரூப் காப்பீடு. வேலையில் சேர்ந்த அன்று பிள்ளைகள் இருவர் பெயரையும் தட்டிவிட்டு மறந்தது.

ஊரில் இருக்கும் மாமாவை டிரஸ்டி ஆக்காதீர்கள். முக்கிய முடிவுகளை எடுப்பவர் அமெரிக்காவில் வரி கட்டும் நபராக இல்லாவிட்டால் டிரஸ்டே வெளிநாட்டு டிரஸ்ட் ஆகிவிடும். அதன் படிவங்களும் அபராதங்களும் தனி உலகம்.

எடிசன்காரர் · 2025 செப்டம்பர் 21

எங்கள் வீட்டில் தாத்தாவை உயில் எழுத வைப்பதைவிட எஸ்எஸ்ஐ அலுவலகத்தில் போன் எடுக்க வைப்பது சுலபம்.

டாலஸ்அம்மா · 2025 அக்டோபர் 2

டிசம்பரில் ஊருக்குப் போய் ஆறு வாரம் இருக்கலாம் என்று டிக்கெட் பார்க்கிறோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

காவிரிக்கரை · 2025 அக்டோபர் 2

உண்டு. தொடர்ந்து 30 நாள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் எஸ்எஸ்ஐ நிற்கும். திரும்பிய பிறகு தொடர்ந்து 30 நாள் இங்கே இருந்தால்தான் மறுபடி தொடங்கும். பிள்ளையோடு ஒருவர் நான்கு வாரத்தில் திரும்புங்கள், மற்றவர் ஆறு வாரம் இருக்கட்டும். டிக்கெட்டை டிரஸ்ட் வாங்கலாம், அதில் சிக்கலில்லை.

காவிரிக்கரை · 2025 அக்டோபர் 27

அடுத்த ஆண்டுத் தொகை வந்துவிட்டது, 2.8 சதவீத உயர்வு. 2026-இல் எஸ்எஸ்ஐ 994. மூன்றில் ஒன்றும் 20-உம் சேர்த்து 351.33. செப்டம்பர் 16 குறிப்பைப் பார்த்து 345 என்று வாடகை ஒப்பந்தம் எழுதியவர்கள் ஜனவரிக்கு முன் மாற்றுங்கள். ஒவ்வோராண்டும் மாற்றுவதற்குப் பதில் 450 என்று எழுதிவிட்டால் சில ஆண்டு நிம்மதி.

புதியவர் · 2025 நவம்பர் 15

நாங்கள் கிரீன் கார்டு. மகள் இந்தியாவில் பிறந்தவள், அவளுக்கும் கிரீன் கார்டுதான். இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா அண்ணா?

காவிரிக்கரை · 2025 நவம்பர் 15

எஸ்எஸ்ஐக்குக் கிரீன் கார்டு மட்டும் போதாது. 40 காலாண்டு வேலைக் கணக்கு வேண்டும். அவளுக்கு 18 ஆவதற்குள் நீங்கள் சம்பாதித்த காலாண்டுகள் அவள் கணக்கிலும் சேரும், இருவரும் வேலை பார்த்தால் ஐந்தாண்டிலேயே 40 வந்துவிடும். ஆனால் கிரீன் கார்டு பெற்று ஐந்தாண்டு காத்திருப்பு தனி. குடியுரிமை வாங்கினால் இரண்டு தடையும் போகும். 18-க்குள் அவள் உங்களோடு இங்கே வசிக்கும்போது உங்களில் ஒருவர் குடியுரிமை பெற்றாலே அவளும் தானாகக் குடிமகள். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள், 18-க்குப் பிறகு அவளே தேர்வெழுத வேண்டும் அல்லது மருத்துவ விலக்குப் படிவம். டிரஸ்டை இப்போதே கட்டலாம், அதற்கு விசா நிலை தடையில்லை.

காவிரிக்கரை · 2025 டிசம்பர் 9

தனி மடலில் வந்த கேள்வி, பலருக்கும் உதவும். அப்பா ஓய்வுபெற்றதும் 22 வயதுக்கு முன் ஊனமான பிள்ளைக்கு அவர் கணக்கிலிருந்தே சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) வரும். அவர் முழுத் தொகையில் பாதி வரை, அவர் இறந்த பிறகு முக்கால் வரை, குடும்ப உச்சவரம்புக்குள். 24 மாதத்தில் மெடிகேர் என்ற மத்திய அரசு மருத்துவக் காப்பீடும். அப்பாவின் முழுத் தொகை 3,000 என்றால் பிள்ளைக்கு 1,500, எஸ்எஸ்ஐ தானாக நின்றுவிடும்.

இங்கேதான் தவறு நடக்கிறது. "இந்தத் தொகைக்கு 2,000 வரம்பு இல்லையே, இனி டிரஸ்ட் எதற்கு" என்று சேர்த்துவைக்கத் தொடங்குவார்கள். இந்த மாற்றத்தால் எஸ்எஸ்ஐ இழந்தவருக்கு மெடிகெய்ட் தொடரும் என்று சட்டம் காப்பாற்றுகிறது, மற்ற விதங்களில் அவர் எஸ்எஸ்ஐ தகுதியோடு இருந்தால் மட்டும். அந்த 'மற்ற விதங்களில்' 2,000 டாலர் இருக்கிறது. உள்ளூர் அலுவலகம் சில வேளை மெடிகெய்டைத் தானாக நிறுத்திக் கடிதம் அனுப்பும். கடிதத்திலேயே மேல்முறையீட்டுக் கெடு இருக்கும், அதற்குள் எழுதுங்கள்.

கல்யாணம் செய்துவைக்கும் எண்ணம் இருந்தால் முன்பே கேளுங்கள். இந்தத் தொகை வாங்காதவரை மணந்தால் பொதுவாக அது நின்றுவிடும்.

காவிரிக்கரை · 2026 ஜனவரி 5

இரண்டு திருத்தம். ஏபிளுக்கு ஊனம் 26 வயதுக்கு முன் என்று எழுதியிருந்தேன், இந்த ஜனவரி 1 முதல் அது 46. முப்பதில் பக்கவாதம் வந்தவரும் இனித் திறக்கலாம்.

கலிஃபோர்னியாவில் 2024 முதல் மெடி-கால் (அந்த மாநிலத்தின் மெடிகெய்ட்) சொத்தே பார்க்காமல் இருந்தது. அதை நம்பிச் சேர்த்தவர்கள் கவனிக்க, ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 130,000 வரம்பு திரும்ப வந்துவிட்டது. எஸ்எஸ்ஐயின் 2,000 எப்போதும் போகவே இல்லை.

எடிசன்காரர் · 2026 ஜனவரி 11

பையன் பெயருக்கே பணம் வந்துவிட்டது என்றால்? எல்லாம் படித்த பிறகும் தங்கையின் மாமனார் எழுதிவைத்துவிட்டார்.

காவிரிக்கரை · 2026 ஜனவரி 11

வந்த மாதம் அது வருமானம், அந்த மாத எஸ்எஸ்ஐ போனதுதான். அடுத்த 1-ஆம் தேதிக்குள் டி4ஏ டிரஸ்டுக்குள் போய்விட்டால் சேதம் அந்த ஒரு மாதத்தோடு நிற்கும். 2016 டிசம்பர் முதல், விவரம் புரிந்த பிள்ளையே தன் டிரஸ்டில் கையெழுத்திடலாம். இல்லாவிட்டால் பெற்றோர், தாத்தா பாட்டி, சட்டப் பாதுகாவலர் அல்லது நீதிமன்றம். புதிதாகப் பத்திரம் எழுத நேரமில்லை என்றால் லாபநோக்கமற்ற அமைப்புகள் நடத்தும் பொது டிரஸ்டில் சேர்வது வேகம். அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் எஸ்எஸ்ஐக்கு எழுத்தில் தெரிவியுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். மறைத்தால் பின்னாளில் கூடுதலாகக் கொடுத்தோம் என்று கேட்பார்கள்.

ஏற்கெனவே பாட்டியின் பணம் இருக்கும் டிரஸ்டில் இதைக் கலக்காதீர்கள். பிள்ளையின் ஒரு டாலர் உள்ளே போனாலும் மாநிலம் மொத்தத்தையும் கேட்க வழி திறக்கும்.

இன்னொன்று, யாரும் சொல்ல விரும்பாதது. டி4ஏவில் பிள்ளை இறந்த பிறகு ஈமச்செலவுக்கு எடுக்க முடியாது, மாநிலத்தின் பாக்கி முதலில். அவன் இருக்கும்போதே டிரஸ்டிலிருந்து தகன ஏற்பாட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம்.

டாலஸ்அம்மா · 2026 ஜனவரி 18

ஏபிள் திறந்தாயிற்று, டிரஸ்டும் கையெழுத்தாயிற்று. 401கேயில் வாரிசு என்ற இடத்தில் என்ன எழுதுவது? மகன் பெயரா, டிரஸ்ட் பெயரா?

காவிரிக்கரை · 2026 ஜனவரி 18

முதல் இடத்தில் கணவன் அல்லது மனைவி. இரண்டாம் இடத்தில் பையன் பெயர் தனியாக எங்கும் வரக் கூடாது. பத்திரத்தில் உள்ள டிரஸ்டின் முழுப் பெயர், முன்னால் 'டிரஸ்டி' என்ற சொல், பின்னால் பத்திரத்தில் கையெழுத்திட்ட தேதி, டிரஸ்டுக்கு வரி எண் வாங்கியிருந்தால் அதுவும். மகளும் இருந்தால் 'பிள்ளைகள் அனைவருக்கும் சமமாக' என்ற கட்டத்தைத் தொடாதீர்கள், அவள் பெயரையும் டிரஸ்டையும் சதவீதத்தோடு தனித்தனியாக எழுதுங்கள். சேமித்ததும் உறுதிப்படுத்தும் பக்கத்தை அச்செடுத்துப் பத்திரத்தோடு வையுங்கள். நிறுவனம் 401கேயை நடத்துபவரை மாற்றினால் பழைய வாரிசுப் பதிவு புதியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள்.